வாளியின் அளவு

எளாவூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். பழவேற்காடு ஏரிப் பக்கமிருந்து காற்று பலமாக அடிக்க ஆரம்பித்துவிட்டது. உன் பெரியம்மா முருங்கைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

நீ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை இரண்டு முறை படித்தேன். வேலைக்குச் சேர்ந்த ஆறாவது வாரத்திலேயே கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்து வாடிக்கையாளர்கள் இருநூறு பேரின் இணைப்புகளுக்கும் பாலிசர் போடும் பொறுப்பை உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். சந்தோஷம். "பழைய கான்ஃபிகரேஷனை அப்படியே காப்பி பண்ணி, வேகத்தை மட்டும் மாத்தினா போதும்னு சொல்லிட்டாங்க பெரியப்பா, ஈசிதான்" என்று முடித்திருந்தாய். அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனில் சொன்னால் "சரி பெரியப்பா, சரி பெரியப்பா" என்று கேட்டுக்கொண்டு மறந்துவிடுவாய். தாளில் இருந்தால் எடுத்துத் திரும்பப் படிப்பாய். அதனால்தான் கடிதம்.

நம் ஊர் செக் போஸ்டை நீ பாவாடை கட்டிய வயதிலிருந்து பார்த்தவள். ஆந்திராவிலிருந்து தடா, ஆரம்பாக்கம் தாண்டி வரும் லாரிகள் தேசிய நெடுஞ்சாலை 16-இல் நம்மிடம்தான் முதலில் நிற்கின்றன. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு வணிக வரிக்காக நிறுத்துவது போய்விட்டது. பாரமும் பர்மிட்டும் கடத்தலும் பார்ப்பது போகவில்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு அதிக பாரம் ஏற்றிய வண்டிக்கு 20,000 ரூபாய் அபராதமும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் என்கிறது. அதைவிட முக்கியமான ஒன்றையும் அதே பிரிவு சொல்கிறது. கூடுதல் பாரத்தை இறக்கும் வரை வண்டி நகரக் கூடாது.

இதை ஏன் எல்லையில் பார்க்கிறார்கள், மாதவரம் ரவுண்டானாவில் ஏன் பார்ப்பதில்லை என்று யோசித்திருக்கிறாயா? உள்ளே வந்துவிட்ட வண்டி எந்தத் தெருவில் திரும்பும், எந்தப் பாலத்தில் ஏறும் என்று யாரும் துரத்திக்கொண்டே போக முடியாது. சேதம் ஆன பிறகு எடை போட்டுப் பயனில்லை. உள்ளே சாலைகள் தடையில்லாமல் ஓட வேண்டுமானால் வாசலில் பார்த்துவிட வேண்டும்.

நெட்வொர்க்கில் நீ செய்யப்போவதும் இதுதான். வாடிக்கையாளரோடு நிறுவனம் ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறது: நொடிக்கு இத்தனை மெகாபிட். அவர் நுழையும் போர்ட்டில் அதை அளந்து பார்த்து, மீறினால் பாக்கெட்டைக் கீழே போடுவதோ, அடையாளம் குத்தி விடுவதோ பாலிசரின் வேலை. மையத்தில் இருக்கும் பெரிய ரவுட்டர்கள் இந்தக் கணக்கைப் பார்க்காது. அவற்றுக்கு நேரமில்லை. 1998-இல் வந்த டிஃப்செர்வ் முறையின் அடிப்படையே இதுதான்: அளவையும் அடையாளத்தையும் ஓரத்தில் முடித்துவிடு, நடுவே ஓடவிடு.

வேகம் ஏற ஏற இந்த வாசல் காவலின் அவசியமும் ஏறுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார். சென்னைக் கடற்கரையிலிருந்து சிங்கப்பூர் வரை கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போக 16 மில்லி நொடி, வர 16 மில்லி நொடி. நீ 100 ஜிகாபிட் வேகத்தில் அனுப்புகிறாய் என்று வை. "இங்கே நெரிசல், மெதுவாக அனுப்பு" என்ற சேதி உன்னிடம் திரும்பி வந்து சேர்வதற்குள் 400 மெகாபைட் உன் கையை விட்டுப் போயிருக்கும். கூப்பிட்டுத் திருப்ப முடியாது. அதிவேக நெட்வொர்க்குகளை வடிவமைத்தவர்கள் 1980-களில் முட்டிக்கொண்டது இந்தச் சுவரில்தான். பின்னாலிருந்து குரல் கொடுத்துப் பயனில்லை, முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள்.

1986-இல் ஜோனதன் டர்னர் என்ற அமெரிக்கப் பேராசிரியர், வாசலிலேயே வேகத்தை அளக்க ஓட்டை வாளி என்ற யோசனையை எழுதினார். அதே ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னியாவில் இன்னொன்று நடந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே 400 கஜம்தான் தூரம். அந்த இணைப்பின் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு இறங்கிப்போனது. எல்லோரும் பதில் வரவில்லையே என்று அனுப்பியதையே மறுபடி மறுபடி அனுப்பி, பாதையை அடைத்துவிட்டார்கள். வான் ஜேக்கப்சன் என்பவர் அதை ஆராய்ந்து 1988-இல் எழுதிய கட்டுரைதான் இன்றைய டி.சி.பி.யின் பண்பாடு. பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று எடுத்துக்கொள், உடனே வேகத்தைக் குறை, பிறகு மெல்ல மெல்ல ஏற்று. யாரும் கட்டாயப்படுத்தாமலே உலகம் முழுக்க கணினிகள் ஒன்றுக்கொன்று வழிவிடுகின்றன. மனிதர்கள் செய்த நல்ல காரியங்களில் ஒன்றாக இதை நான் நினைக்கிறேன்.

பாப்பா, இங்கேதான் நீ கவனிக்க வேண்டும். உன் பாலிசர் ஒரு பாக்கெட்டைக் கீழே போட்டால், மறுமுனையில் இருக்கும் கணினிக்கு அது ஒப்பந்த மீறல் என்று தெரியாது. வழியெல்லாம் நெரிசல் என்று நம்பி, மரியாதையாக ஒதுங்கி நிற்கும். காலியாகக் கிடக்கும் சாலையில் நெரிசல் என்று நம்ப வைத்துவிடுகிறாய்.

செக் போஸ்டுக்கும் உன் பாலிசருக்கும் பெரிய வித்தியாசமும் இங்கேதான். லாரியிலிருந்து இறக்கிய மூட்டை தரையில் இருக்கும். இன்னொரு வண்டி பிடித்து ஏற்றிக்கொள்ளலாம். நீ போட்ட பாக்கெட் எங்கும் இல்லை.

வாளியைப் பற்றிச் சொல்கிறேன். டர்னரின் ஓட்டை வாளி போல, இன்று ரவுட்டர்களில் ஓடுவது டோக்கன் வாளி. ஒப்பந்த வேகத்துக்கு ஏற்ப டோக்கன்கள் வாளியில் விழுந்துகொண்டே இருக்கும். ஒரு பாக்கெட் உள்ளே நுழைய, தன் பைட் எண்ணிக்கைக்குச் சமமான டோக்கன் வேண்டும். இருந்தால் போகலாம். இல்லையென்றால் பாலிசர் போட்டுவிடும். யாரும் அனுப்பாத நேரத்தில் டோக்கன் சேரும், ஆனால் வாளி கொள்ளும் வரைதான் சேரும். ஆக, நீ தட்டப்போகும் எண்கள் இரண்டு. ஒன்று வேகம். இன்னொன்று வாளியின் அளவு, அதாவது பர்ஸ்ட். முதல் எண் ஒப்பந்தத்தில் இருக்கிறது, வாடிக்கையாளருக்குத் தெரியும். இரண்டாவது எண் ஒப்பந்தத்தில் இல்லை, அவருக்குத் தெரியாது. அது முழுக்க உன் கையில் இருக்கிறது.

நான் டெலிபோன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இரண்டு வருடம் ஒரு தனியார் இணைய நிறுவனத்துக்கு வேலை பார்த்தேன், நினைவிருக்கும். பெயர் வேண்டாம். சிப்காட்டுக்குள் வாகன உதிரி பாகங்கள் செய்யும் சின்னத் தொழிற்சாலை ஒன்று 10 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன் வாங்கியிருந்தது. வரைபடக் கோப்புகளை அம்பத்தூரில் இருக்கும் அவர்கள் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். "மூன்று எம்பிபிஎஸ்கூட வரவில்லை சார்" என்று அந்த முதலாளி வாரத்துக்கு இரண்டு முறை போன் செய்வார். நாங்கள் கிராஃபைத் திறந்து பார்ப்போம். ஐந்து நிமிடச் சராசரி மூன்றுக்குக் கீழே அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும். "உங்கள் உபயோகமே அவ்வளவுதான் சார், லைனில் குறையில்லை" என்று பதில் சொல்லி போனை வைத்துவிடுவோம். இரண்டு மாதம் இப்படியே போனது. அவர் கடைசியில் ஒரு பையனிடம் பென் டிரைவைக் கொடுத்து பைக்கில் அம்பத்தூருக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டார். லைனுக்கு மாதா மாதம் பணமும் கட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் நானே நேரில் போனேன். ரவுட்டரில் பாலிசரின் எக்ஸீட் கவுண்ட்டரைப் பார்த்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. விழுந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருந்தது. வாளியின் அளவைப் பார்த்தேன். 8,000 பைட்.

அந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? பழைய 64 கேபிபிஎஸ் லைனுக்கு யாரோ எழுதி வைத்த கான்ஃபிகரேஷனிலிருந்து. 64,000 பிட்டை எட்டால் வகுத்தால் 8,000 பைட். அந்த லைனுக்கு அது முழுசாக ஒரு நொடிக்கான வாளி, சரியான வாளி. அதை அப்படியே காப்பி செய்து, வேகத்தை மட்டும் 10 எம்பிபிஎஸ் என்று மாற்றப்பட்டிருந்தது. 10 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 லட்சம் பைட். அங்கே 8,000 பைட் என்பது 6.4 மில்லி நொடி. அந்தத் தொழிற்சாலையின் சர்வர் 1 ஜிகாபிட் போர்ட்டில் இருந்தது. 1,500 பைட் பாக்கெட் ஒன்று வெளியே வர 12 மைக்ரோ நொடி. அடுத்தடுத்து ஐந்து பாக்கெட் வந்தால் 60 மைக்ரோ நொடியில் வாளி ஏறக்குறைய காலி. அந்த நேரத்தில் புதிதாக ஊறியது வெறும் 75 பைட். ஆறாவது பாக்கெட் விழுந்தது. டி.சி.பி. பயந்து வேகத்தைக் குறைத்தது. மெல்ல ஏறி வரும், மறுபடி ஆறாவதோ ஏழாவதோ விழும், மறுபடி குறையும். வெட்டு விழுந்த பிறகு மிஞ்சியதைத்தான் எங்கள் கிராஃப் காட்டியது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைக்கும் கிராஃபில் 60 மைக்ரோ நொடியில் நடந்தது எப்படித் தெரியும்?

அந்தக் கான்ஃபிகரேஷனைக் காப்பி செய்தது நான்தான், பாப்பா. இதை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. அந்த முதலாளியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வாளியை ஒன்றரை நொடிக் கணக்குக்கு, 18,75,000 பைட்டாக, மாற்றினேன். அவர்கள் ரவுட்டரில் 9.5 எம்பிபிஎஸ் என்று, மீறியதை வரிசையில் நிறுத்தி அனுப்பும் ஷேப்பர் ஒன்றும் போட்டுக் கொடுத்தேன். அன்று மாலையே கோப்புகள் போயின. பைக்கில் போய்க்கொண்டிருந்த பையனைப் பற்றி இன்றும் நினைக்கிறேன். எங்கள் ரவுட்டரில் ஒரே ஒரு எண் தப்பாக இருந்ததற்காக, லாரிகளுக்கு நடுவே, மழையிலும் வெயிலிலும்.

இது எனக்கு மட்டும் நேர்ந்தது இல்லை. 2016-இல் கூகுள் தரப்பு ஆய்வாளர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து உலகம் முழுக்க பாலிசிங் எப்படி நடக்கிறது என்று அளந்து பார்த்தார்கள். பாலிசர் வெட்டும் இணைப்புகளில் பாக்கெட் இழப்பு மற்றவற்றைவிடச் சராசரியாக ஆறு மடங்கு இருந்தது. வீடியோ பார்ப்பவர்கள் அதை நேரடியாக உணர்ந்தார்கள். அந்த ஆய்வைத் தேடிப் படி. உனக்குப் பயன்படும்.

அதற்காக எல்லா வாளியையும் கடல் மாதிரி ஆக்கிவிடாதே. வாளி பெரிதானால் ஒருவர் திடீரென்று கொட்டுவது முழுக்க உள்ளே வந்து, பக்கத்து வாடிக்கையாளரின் குரல் அழைப்பை நெரிக்கும். தரவுக்கு ஒப்பந்த வேகத்தைப் போய்வரும் நேரத்தால் பெருக்கிப் பார், அதற்குக் கீழே ஒருபோதும் வைக்காதே. 100 மில்லி நொடி என்றால் 10 எம்பிபிஎஸ்ஸுக்கு 1,25,000 பைட் வரும். அங்கிருந்து மேலே எவ்வளவு என்பதை நீ அந்த வாடிக்கையாளர் என்ன அனுப்புகிறார் என்று கேட்டுத்தான் முடிவு செய்ய முடியும். கேள். போன் செய்து கேட்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

முடிந்த இடத்தில் ஷேப்பிங்கை முதலில் வை, பாலிசிங்கைப் பின்னால் வை. ஷேப்பர் மீறிய பாக்கெட்டைக் கீழே போடாமல் வரிசையில் நிறுத்தி, முறை வந்ததும் அனுப்பும். ஆனால் வரிசையையும் நீளமாக விடாதே. ஜிம் கெட்டிஸ் என்பவர் 2010 வாக்கில் தன் வீட்டு இணைப்பு ஏன் இவ்வளவு இழுக்கிறது என்று பார்க்கப்போய், உலகெங்கும் சாதனங்களுக்குள் வரிசைகள் தேவைக்கு மேல் நீண்டு கிடப்பதை எடுத்துச் சொன்னார். ஒரு பாக்கெட்டையும் இழக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் செய்தது, எல்லாப் பாக்கெட்டையும் தாமதமாக்கிவிட்டது. குரலுக்குத் தாமதம் ஆகாது. அரை நொடி கழித்து வரும் "அலோ"வால் யாருக்கு என்ன பயன்? அங்கே சின்ன வாளியும் கறாரான வெட்டும்தான் சரி. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம் குத்தும் முறை 1999-இலேயே வந்துவிட்டது. மீறியதை உடனே வெட்டாமல் மஞ்சள் குத்தி விட்டால், உள்ளே இடம் இருந்தால் போகும், இல்லாவிட்டால் முதலில் அது விழும். உன் சாதனங்களில் அந்த வசதி இருந்தால் பயன்படுத்து.

பங்கீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 100 எம்பிபிஎஸ் இருக்கிறது, நான்கு பேர் கேட்கிறார்கள்: 10, 20, 50, 60. ஆளுக்கு 25 என்று பிரித்தால் முதல் ஆளிடம் 15 வீணாகக் கிடக்கும். நம் வீட்டுக் கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் எப்படிச் செய்வார்? போதும் என்று கையை மறைப்பவருக்குக் கேட்டதைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை இன்னும் கேட்பவர்களுக்குச் சமமாகப் போடுவார். 10-உம் 20-உம் முழுசாகக் கிடைக்கும், மிச்சம் 70-ஐ இரண்டு பேர் ஆளுக்கு 35 எடுத்துக்கொள்வார்கள். குறைவாகக் கேட்பவன் ஒருபோதும் பட்டினி கிடக்க மாட்டான். இதற்கு மேக்ஸ்-மின் நியாயம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை இழுத்து 1 ஜிபிபிஎஸ் கொடுக்க டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் திட்டமிட்டது. அப்படி வரும் ஒரு கம்பியைப் பள்ளிக்கூடமும் ஆரம்ப சுகாதார நிலையமும் ஊராட்சி அலுவலகமும் வீடுகளும் பங்கு போடும்போது இந்தக் கணக்குத்தான் வேண்டும்.

இல்லாததை எந்தப் பாலிசராலும் பங்கு வைக்க முடியாது என்பதையும் மறக்காதே. ஒரே கொள்ளளவைப் பலருக்கு விற்பது தவறில்லை. எல்லோரும் ஒரே நொடியில் கேட்க மாட்டார்கள் என்பது டென்மார்க்கில் எர்லாங் என்ற கணிதவியலாளர் 1909-லிருந்தே கணக்குப் போட்டுக் காட்டிய உண்மை. டெலிபோன் காலம் முழுக்க நாங்கள் அதை நம்பித்தான் வாழ்ந்தோம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2009-இல் வீட்டு பிராட்பேண்டுக்கு ஐம்பது பேருக்கு ஒரு பங்கு, தொழிலுக்கு முப்பது பேருக்கு ஒரு பங்கு என்று வரம்பு சொன்னதும் அதை ஒட்டித்தான். அந்த வரம்பைத் தாண்டி விற்றுவிட்டு, வாடிக்கையாளர் புகார் சொல்லும்போது பாலிசரை இறுக்கு என்று உன்னிடம் ஒருவர் சொன்னால், முடியாது என்று எழுத்தில் சொல். வாயால் சொல்லாதே. எழுத்தில் சொல்.

நான் வேலையைத் தொடங்கியது டிரங்க் எக்ஸ்சேஞ்சில். ஆர்டினரி, அர்ஜண்ட், லைட்னிங் என்று மூன்று வகை அழைப்பு. லைட்னிங்குக்கு எட்டு மடங்கு கட்டணம். ஊரில் ஒரு சாவு என்றால் ஏழை வீட்டுக்காரரும் கடன் வாங்கி லைட்னிங் போடுவார். முன்னுரிமையைக் காசுக்கு விற்பது எங்கே போய் நிற்கும் என்று நான் அங்கே பார்த்தேன். அதனால்தான் 2016 பிப்ரவரியில் டிராய், எந்த இணையதளம் என்று பார்த்து வெவ்வேறு கட்டணம் வாங்கக் கூடாது என்றபோதும், 2018 ஜூலையில் மத்திய அரசு இணையச் சமநிலையை ஏற்றபோதும் நிம்மதியாக இருந்தது. நெரிசலைச் சமாளிக்க நீ கட்டுப்பாடு போடலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அது தேவைக்கு ஏற்ற அளவில், தற்காலிகமாக, வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பது டிராயின் பரிந்துரை. இந்த மூன்றையும் நீ வேலை பார்க்கும் மேசையில் எழுதி ஒட்டிக்கொள்.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னைக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. நம் பகுதியில் மரங்களும் மின் கம்பங்களும் சாய்ந்து கிடந்தன. சென்னையில் கரையேறும் கடலடிக் கேபிள் ஒன்றும் பாதிக்கப்பட்டு இணைய வேகம் குறைந்தது. இருக்கும் கொஞ்சத்தில் யார் முதலில் என்ற கேள்வி அன்று நிஜமாக எழுந்தது. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் குரலும், யாரோ ஒருவர் தரவிறக்கும் சினிமாவும் ஒரே கம்பியில் வரும். எது எது என்று அந்த இருட்டில் உட்கார்ந்து யோசிக்க நேரமிருக்காது. அப்படி ஒரு நாள் உன் காலத்திலும் வரும். அவசர அழைப்பு, மருத்துவமனை, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை ஆகியவற்றின் வகுப்பு எது, அதற்கு எவ்வளவு ஒதுக்கீடு என்று உன் நிறுவனத்தில் எழுதி வைத்திருக்கிறார்களா என்று இந்த மழைக்காலத்துக்கு முன்னால் கேட்டுப் பார். இல்லையென்றால் நீ எழுது.

கடிதம் நீண்டுவிட்டது. வேலைக்குப் புதிது, கேள்வி கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று உனக்குத் தயக்கம் இருக்கும். எனக்கும் இருந்தது. அந்தத் தயக்கத்தில்தான் 8,000 என்ற எண்ணை ஒருமுறைகூட வகுத்துப் பார்க்காமல் விட்டேன்.

நாளை அந்த இருநூறு இணைப்புகளின் பட்டியலைத் திறக்கும்போது, ஒவ்வொன்றிலும் பர்ஸ்ட் என்ற வரிக்கு வந்து நில். அந்த எண் பிட்டா பைட்டா என்று பார். வேகத்தால் வகுத்து எத்தனை மில்லி நொடி என்று பக்கத்தில் எழுது. இருநூறுக்கும் எழுது. சந்தேகம் வருவதை எல்லாம் தனித் தாளில் குறித்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு சூலூர்பேட்டை ரயிலில் ஏறி எளாவூருக்கு வா. உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
உன் பெரியப்பா